கன்னம் வற்றல், கண்குழி, தாடைத் தொங்கல்: ஃபில்லரா, போடாக்ஸா, ஹைஃபூவா? (விவாத இழை)

#1 வளவன்_திருச்சி

48 வயதுப் பெண். மாநிறம். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. குறை மூன்று: கண்ணுக்குக் கீழே குழியும் கருப்பும், மூக்கோரத்தில் தொடங்கி வாய்முனை வரை இறங்கும் கோடு, தாடையோரத்தில் லேசான தொங்கல். மூன்று கிளினிக்கில் விசாரித்தாயிற்று. ஒன்று ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஜெல் ஊசி) 4 மி.லி. என்கிறது, ஒன்று ஹைஃபூ (குவித்த ஒலியலையால் தோலை இறுக்குவது) ஒரே முறை போதும் என்கிறது, இன்னொன்று பி.ஆர்.பி. (நம் ரத்தத்தின் பிளேட்லெட்டைப் பிரித்து முகத்தில் ஏற்றுவது) ஆறு முறை என்கிறது. ஆபரேஷன் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். எதற்கு எது என்று விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். "எங்க அத்தைக்கு நல்லா இருந்துச்சு" வகைப் பதில் வேண்டாம்.

#2 சருமம் (தோல் மருத்துவர்)

அவரவரிடம் என்ன கருவி இருக்கிறதோ, அது வேலை செய்கிற அடுக்குதான் அவரவர் கண்ணுக்குப் படும். அதனால்தான் மூன்று பட்டியல். எந்த அடுக்கில் என்ன போயிருக்கிறது என்று பிரித்துவிட்டால் பாதி குழப்பம் தீரும்.

தோலில் நடப்பது பெரும்பாலும் வெயில் வேலை. யூ.வி.ஏ. கதிர் தோலின் உள்ளடுக்கான டெர்மிஸ் வரை இறங்கி, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனை அறுக்கும் என்சைம்களைத் தூண்டுகிறது. ஜன்னல் கண்ணாடி யூ.வி.பி.யை நிறுத்திவிடும், யூ.வி.ஏ.வைப் பெருமளவு உள்ளே விடும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் படம் ஒன்று 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கி, மறு பக்கத்தைவிடப் பல வருடம் மூத்து நின்றது. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம், டிரைவர்களின் வலது கன்னத்தைப் பாருங்கள். நம் நிறத்தில் இன்னொரு விசேஷம், சுருக்கம் பிந்தி வரும், நிறத்திட்டு முந்திக்கொள்ளும்.

அதற்கடியில் கொழுப்பு. இது ஒரே படலம் அல்ல, தனித்தனி அறைகள். 2007-ல் ரோரிச், பெஸ்ஸா இருவரும் சடலங்களில் சாயம் செலுத்தி இதைக் காட்டினார்கள். ஆழத்தில் உள்ள அறைகள் வற்றுகின்றன, மேலே உள்ளவை சரிகின்றன. பஞ்சு குறைந்த தலையணைக்கு உறை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிற கதை.

எல்லாவற்றுக்கும் அடியில் எலும்பு. கண்குழியின் விளிம்பு மேல்-உள் மூலையிலும் கீழ்-வெளி மூலையிலும் தேய்ந்து அகலும். மூக்கின் அடியில் மேல்தாடை பின்வாங்கும். தோலை எலும்போடு இழுத்துப் பிடித்திருக்கும் லிகமெண்ட் கட்டுகள் மட்டும் இடம் மாறுவதில்லை. சரிந்து வருவது அவற்றில் தட்டித் தேங்கும். தாடையோரத் தொங்கல் மோவாய்க்குச் சற்று முன்பே சடாரென்று நின்றுவிடுவதற்கு அந்தக் கட்டுதான் காரணம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை: மல்லாந்து படுத்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். மூக்கோரக் கோடு படுத்ததும் மறைந்தால் கன்னம் வற்றிச் சரிந்ததால் வந்தது. கோடு அப்படியே வெட்டுப்போல் நின்றால் தோலே மடிந்துவிட்டது. முதல் வகையில் கன்னத்தின் ஆழ் அறையில் கொஞ்சம் நிரப்பினால் கோடு தானாக இளகும். கோட்டிலேயே மி.லி. கணக்கில் கொட்டினால் மேலுதடு முன்னே தள்ளி, சிரிக்கும்போது குரங்கு முகம் வரும். கோட்டை முழுக்க அழிக்கவும் கூடாது, பத்து வயதுப் பிள்ளை சிரித்தாலும் அந்தக் கோடு விழும்.

#3 விழித்திரை (கண் மருத்துவர்)

கருவளையத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில்தான் பணம் அதிகம் வீணாகிறது.

மேலே விளக்கு எரியும்போது ஒரு முறை பாருங்கள். பிறகு மொபைல் டார்ச்சை மூக்குக்கு நேரே முன்னால் பிடித்து (கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் பார்க்கட்டும்) மறுபடி பாருங்கள். கருப்பு காணாமல் போனால் அது பள்ளத்தின் நிழல். போகாவிட்டால், கீழ் இமைத் தோலை விரலால் லேசாகக் கீழே இழுங்கள். பழுப்பு நிறம் அப்படியே விரிந்தால் நிறமி. ஊதா தெரிந்து கூடினால் மெல்லிய தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்.

நிழலுக்கு மட்டும்தான் ஃபில்லர். நிறமிக்கு ஃபில்லர் போட்டால் மேடிட்ட கருப்பு கிடைக்கும். ரத்தக்குழாய் வகையில் மேலோட்டமாக ஜெல் வைத்தால் நீலச்சாயல் வரும். ஒளி அந்த ஜெல்லில் சிதறுவதால் வருவது, டிண்டல் விளைவு என்பார்கள். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நிற்கும்.

அளவு: ஒரு பக்கத்துக்கு 0.2 முதல் 0.5 மி.லி., எலும்பை ஒட்டி, நீர் அதிகம் உறிஞ்சாத வகை ஜெல். காலையில் எழுந்தால் கண் வீங்குகிறவர்களுக்கும், இமைக்குக் கீழே பை தொங்குகிறவர்களுக்கும் வேண்டாம். பை மேல் பை ஆகிவிடும்.

#4 வளவன்_திருச்சி

டார்ச் சோதனை செய்யச் சொன்னேன். பாதி போகிறது, பாதி நிற்கிறது. நிற்கிற பாதி பழுப்பு. நெற்றிப் பொட்டுப் பக்கமும் கன்ன எலும்பு மேலும் அதே நிறம் படர்ந்திருக்கிறதாம், தொட்டால் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதாம்.

#5 சருமம்

மெத்தென்று, வெல்வெட் மாதிரி என்றால் அக்காந்தோசிஸ் இருக்க வாய்ப்பு. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்துத் தடித்திருக்கிறதா பாருங்கள். இது வயோதிகமே இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். "சர்க்கரை இல்லை" என்பது எப்போது, எந்தப் பரிசோதனையில் பார்த்தது? வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்.பி.ஏ.1.சி.யும் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதற்கு வாருங்கள். இதற்கு லேசர் அடித்தால் இன்னும் கருக்கும். எடை ஐந்தாறு கிலோ குறைந்தாலே மங்கத் தொடங்கும்.

நெற்றியோரமும் காதோரமும் சாம்பல்-நீலமாக இருந்தால் அது வேறு கணக்கு. தலைச்சாயத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் பேட்ச் டெஸ்ட் (தோல் ஒவ்வாமைச் சோதனை). நடு நெற்றியில் மட்டும் என்றால் குங்குமம், ஸ்டிக்கர் பொட்டின் பசை.

#6 கோமதி.ரா

இதுக்கெல்லாம் குளுட்டத்தயோன் ட்ரிப் ஏத்துறாங்களே, அது?

#7 சருமம்

தோல் வெளுப்புக்கு ரத்தக்குழாய் வழியாகக் குளுட்டத்தயோன் ஏற்ற இந்தியாவில் அங்கீகாரம் கிடையாது. கல்லீரல் பாதிப்பு, கடுமையான ஒவ்வாமை எல்லாம் பதிவாகியிருக்கிறது. இந்த இழைக்கு வெளியே போகிற விஷயம், இதோடு விடுவோம்.

#8 ஊசிமுனை (அழகியல் பிரிவு செவிலியர்)

ஃபில்லர் 4 மி.லி.ன்னு எழுதிக் குடுத்தவங்ககிட்ட முதல்ல கேக்க வேண்டியது பிராண்டு இல்ல. "ஹையலூரோனிடேஸ் எத்தனை குப்பி கைவசம் இருக்கு?"ன்னு கேளுங்க. ஹையலூரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்கிற மருந்து அது, நம்ம ஊர்ல 1500 யூனிட் குப்பியாக் கிடைக்குது. ஒரு குப்பி இருக்குன்னு சொன்னாப் போதாது, நாலஞ்சாவது ஃப்ரிட்ஜ்ல இருக்கணும்.

ஏன்னா, ஜெல் தவறி ரத்தக்குழாய்க்குள்ள போனா அந்தக் குழாய் ஊட்டுற தோல் செத்துப்போகும். அறிகுறி வரிசையாச் சொல்றேன். போடும்போதே சட்டுன்னு வெளுக்கும். நம்ம நிறத்துல வெளுப்பு சரியாத் தெரியாது, அதனால விரலால அழுத்தி எடுத்து நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கணும். 3 நொடிக்கு மேல போனா ஆபத்து, எதிர்ப் பக்கத்தையும் அழுத்தி ஒப்பிடணும். அடுத்து வலை பின்னுன மாதிரி ஊதாத் திட்டு. மூணு நாள் வாக்குல சின்னச் சின்னச் சீழ்க்கட்டி, பாக்குறவங்க "பரு"ன்னு நினைச்சு ஆன்டிபயாட்டிக் களிம்பு தடவிக்கிட்டு இருப்பாங்க. வலி எப்பவும் இருக்கும்னு நம்பாதீங்க, நிறைய ஃபில்லர்ல மரத்துப்போக வைக்கிற லிக்னோகெய்ன் கலந்தே வருது.

வந்துட்டா: ஊசியை நிறுத்து, சூடான ஒத்தடம், மசாஜ், ஆஸ்பிரின் 325 மி.கி. (அலர்ஜியோ அல்சரோ இல்லேன்னா), ஹையலூரோனிடேஸ். டிலொரென்சிங்கிற டாக்டர் 2017-ல எழுதின முறைதான் இப்பப் பரவலா இருக்கு. உதடு அளவு இடத்துக்கு 500 யூனிட், ரெண்டு பகுதின்னா 1000, மூணுன்னா 1500, ரத்த ஓட்டம் திரும்புற வரைக்கும் மணிக்கு ஒரு தடவை. சும்மா ஃபில்லர் பிடிக்கலேன்னு கரைக்கிறப்ப முன்கையில டெஸ்ட் டோஸ் போட்டுப் பாக்கலாம், குளவி, தேனீ கொட்டி அலர்ஜி ஆனவங்களுக்குக் கட்டாயம் பாக்கணும். தோல் சாகப்போற நேரத்துல டெஸ்டுக்குன்னு உக்காந்திருக்கக் கூடாது.

#9 விழித்திரை

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். புருவமத்தி, மூக்குத்தண்டு, மூக்கோரம், நெற்றி: இந்த இடங்களின் தமனிகள் கண்ணுக்குள் போகும் தமனியோடு கைகோத்தவை. அழுத்தி ஊசி தள்ளினால் ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் பின்னோக்கிப் போய், அழுத்தம் விட்டதும் முன்னோக்கி விழித்திரைத் தமனிக்குள் பாயும். பார்வை அந்த நொடியே போகும், கூடவே கண்வலி, இமை இறக்கம். மீட்க இருக்கும் நேரம் ஒன்றரை மணிக்குள், அதிலும் மீண்டவர்கள் குறைவு. ஒரு நிமிடம்கூட "ரெஸ்ட் எடுங்க" என்று உட்கார வைக்காமல் கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மூக்கை ஃபில்லரால் தூக்குவது அரை மணி நேர வேலை என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. ஏற்கெனவே மூக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

#10 பரணி_எம்

ஊசியைக் குத்தி, பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா பார்த்துவிட்டுத்தானே போடுகிறார்கள்? அப்புறம் எப்படி உள்ளே போகும்?

#11 சருமம்

ரத்தம் வந்தால் குழாய்க்குள் இருக்கிறோம் என்று உறுதி. வராவிட்டால் வெளியே இருக்கிறோம் என்று உறுதி கிடையாது. ஊசிக்குள்ளே கெட்டியான ஜெல் அடைத்திருக்கிறது, அதை மீறி ரத்தம் ஏறப் பல நொடி ஆகும், சில ஜெல்லில் ஏறவே ஏறாது. அதற்குள் கை ஒரு மி.மீ. நகர்ந்திருக்கும். காப்பது வேறு விஷயங்கள்: ஒரு இடத்தில் 0.1 மி.லி.க்கு மேல் விடாதது, மெதுவாகத் தள்ளுவது, கை நகர்ந்துகொண்டே இருப்பது.

#12 ஊசிமுனை

கேனுலாவை விட்டுட்டீங்களே டாக்டர். 25-ஓ அதைவிடத் தடிச்சதோ (நம்பர் கூடக் கூட மெலிசு), முனை மழுங்கின கேனுலா ரத்தக்குழாயைக் குத்தாமத் தள்ளிட்டுப் போகும். 27-ஓ அதைவிட மெலிசோ ஆனா அதுவும் ஊசி மாதிரியே குத்தும். "கேனுலாதான் யூஸ் பண்றோம்"னு சொன்னா நம்பர் கேளுங்க.

#13 சருமம்

சரி. ஆனால் எலும்பின் மேல் சிறு குமிழாக வைக்க வேண்டிய இடத்தில், கன்ன எலும்பு முகடு மாதிரி, கூர் ஊசிதான் துல்லியம். அங்கே கேனுலா அடுக்கு மாறி மேலே வந்துவிடும். இதில் எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாது, பரவாயில்லை.

#14 மருந்தாளுநர்_கோவை

போடாக்ஸ் பற்றி யாரும் பேசவில்லை. வளவன் சார் கேட்ட மூன்று குறைக்கும் அது பதில் இல்லை என்பதே முதலில் தெரிய வேண்டியது. தசை இழுப்பதால் வரும் சுருக்கத்துக்குத்தான் அது: புருவமத்தி, நெற்றி, கண்ணோரம்.

ஏமாறுகிற இடம் கலக்கலில். 100 யூனிட் குப்பிக்கு 2.5 மி.லி. சலைன் சேர்த்தால் 0.1 மி.லி.யில் 4 யூனிட். 5 மி.லி. சேர்த்தால் அதே 0.1-ல் 2 யூனிட்தான். "ரெண்டு சிரிஞ்ச் போட்டோம்" என்றால் ஒன்றும் புரியாது, எத்தனை யூனிட், எந்த பிராண்டு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒரு பிராண்டின் யூனிட் இன்னொன்றின் யூனிட் அல்ல. புருவமத்திக்கு போடாக்ஸ் லேபிள் அளவு 5 புள்ளியில் 20 யூனிட், டிஸ்போர்ட் லேபிள் அளவு அதே 5 புள்ளியில் 50 யூனிட். "அங்கே 20-தான், இங்கே 50 தர்றோம்" என்பது சலுகை இல்லை.

குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் வந்திருக்க வேண்டும். கலக்கிய பின் 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது லேபிள்.

#15 சருமம்

24 மணி நேரம் என்பது லேபிளின் எச்சரிக்கை. சுத்தமாகக் கையாண்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் வீரியம் குறைவதில்லை என்று ஆய்வுகள் உண்டு, நான்கு வாரம் வரை ஏற்கும் நிபுணர் குழுக்களும் உண்டு.

#16 மருந்தாளுநர்_கோவை

வீரியம் குறையாது, சரி. கிருமி? "சுத்தமாகக் கையாண்டு" என்ற இரண்டு வார்த்தைக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டீர்கள். ஒரே குப்பியில் ஏழு பேருக்கு எடுக்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ரப்பர் மூடியைத் துடைத்துப் புது ஊசி போடுகிறார்களா என்று பார்க்க வாடிக்கையாளருக்கு வழியில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் லேபிள்தான் பாதுகாப்பு.

#17 விழித்திரை

டாக்சினில் (போடாக்ஸ், டிஸ்போர்ட் வகை ஊசி) தவறுவது மூன்று இடத்தில்.

ஒன்று, இமை இறக்கம். புருவமத்திக்குப் போட்டது கண்குழிக்குள் கசிந்து இமை தூக்கும் தசையைப் பிடித்துவிடும். எலும்பு விளிம்பிலிருந்து குறைந்தது 1 செ.மீ. மேலே நிற்காததாலும், அளவு நீர்த்துப் பெரிதாக இருப்பதாலும் வருவது. அப்ராக்ளோனிடின் 0.5% சொட்டு மருந்து 1–2 மி.மீ. தூக்கிக் கொடுக்கும், மீதி வாரக்கணக்கில் தானாகச் சரியாகும்.

இரண்டு, புருவமே இறங்குவது. 45-க்கு மேல் பலர் தொங்கும் மேலிமையை நெற்றித் தசையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது. சோதனை எளிது: கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திறக்கச் சொல்லுங்கள். இமை பாப்பா மேல் கவிந்தால் அந்த நெற்றிக்கு முழு டோஸ் கூடாது. நெற்றிக்கு மட்டும் போட்டுப் புருவமத்தியை விட்டுவிட்டாலும் இதேதான் நடக்கும், கீழே இழுக்கிற தசை மட்டும் வேலை செய்கிறதல்லவா.

மூன்று, நடு நெற்றி உறைந்து ஓரம் மட்டும் இழுத்துப் புருவ வால் கொம்பாக எழுவது. பெரிய விஷயமில்லை, அந்த ஓரத்தில் 1–2 யூனிட் வைத்தால் படியும். ஆனால் இரண்டு வாரம் பொறுத்துத்தான் வைக்க வேண்டும், முழுப் பலன் அப்போதுதான் தெரியும்.

மயஸ்தீனியா (தசை பலவீன நோய்) உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்களுக்கு வேண்டாம்.

#18 வளவன்_திருச்சி

நன்றி. ஹைஃபூ பற்றி? தாடைக்கு அதுதான் என்று அந்த கிளினிக் அடித்துச் சொல்கிறது.

#19 கதிரொளி (லேசர், அல்ட்ராசவுண்ட் கருவிப் பராமரிப்பு)

ஹைஃபூ என்ன செய்கிறது: ஒலியலையை ஒரு புள்ளியில் குவித்து 60–70 டிகிரி சூடாக்கும். மேல்தோல் சூடாவதில்லை. கார்ட்ரிட்ஜ் மூன்று: 4.5 மி.மீ., 3.0 மி.மீ., 1.5 மி.மீ. ஆழம். 4.5 கன்னத்தில் தசை உறைப் படலத்துக்கு. 1.5 தோலுக்கு. புண் ஆறும்போது கொலாஜன் சுருங்கி இறுகும், அதனால் பலன் தெரிய 2–3 மாதம். அன்றைக்கே "பாருங்க, தூக்கிடுச்சு" என்று காட்டுவது வீக்கம்.

தவறுவது எங்கே:

ஜெல் போதாமல் காற்றிடைவெளி விழுந்தாலோ, கருவியின் தலை சாய்ந்திருந்தாலோ சக்தி மேற்பரப்பிலேயே விழும். கோடு கோடாகக் கொப்புளம், நம் நிறத்தில் கோடு கோடாகக் கருப்பு. தலையை முழுத்தட்டையாக ஒட்டி அழுத்த வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஜெல்.

ஆழம் தப்பு. 4.5 மி.மீ. என்பது கருவிக்குத் தெரிந்த தூரம், அந்த முகத்தில் அந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. திரையில் அடுக்குகளைக் காட்டும் கருவியில் பார்த்து அடிக்கலாம். மலிவுக் கருவிகளில் திரையில் எண்ணிக்கை மட்டும்தான், குருட்டடி. ஒல்லி முகத்தில் அது கொழுப்பில் விழுந்து கொழுப்பைக் கரைக்கும். ஏற்கெனவே வற்றிய கன்னம் இன்னும் வற்றும்.

நரம்பு. தாடை விளிம்பை ஒட்டிக் கீழுதட்டுக்குப் போகும் நரம்பு, நெற்றிப்பொட்டில் புருவத்துக்குப் போகும் நரம்பு. அங்கே 4.5 அடித்தால் வாய் கோணும், அல்லது புருவம் இறங்கும். பெரும்பாலும் வாரங்களில் திரும்பும். கண்குழி விளிம்புக்கு உள்ளே எந்த ஆழமும் கூடாது, கண்புரை வந்த பதிவுகள் உண்டு.

கார்ட்ரிட்ஜுக்கு ஷாட் கணக்கில் ஆயுள். மிச்சம் எவ்வளவு என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கிளம்புங்கள்.

#20 சருமம்

கதிரொளி சொன்னதில் முக்கியமானது அந்த ஒல்லி முக விஷயம். வளவன் சார், அவர்கள் முகம் சதைப்பற்றா, வற்றலா? கன்னம் குழிந்து நெற்றிப்பொட்டும் பள்ளமாக இருந்தால் ஹைஃபூ எதிரி. கொஞ்சம் சதை, லேசான தொங்கல் என்றால் மிதமான பலன் உண்டு. "மிதமான" என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிற்கும்போது பிடித்தால் இரண்டு விரலில் மடிப்பாக வருகிற தொங்கலுக்கு ஆபரேஷன் இல்லாத வழி எதுவும் நியாயமான பலன் தராது. நூல் வைத்துத் தூக்குவது உட்பட. பி.டி.ஓ. நூல் ஆறேழு மாதத்தில் கரைந்துபோகும், அதற்குள் தோலில் பள்ளம் விழுந்து முடிச்சுத் தெரிவதும் நடக்கும்.

#21 பரணி_எம்

பி.ஆர்.பி. ஆறு முறை?

#22 ஊசிமுனை

தோல் கொஞ்சம் பளபளன்னு ஆகும், மெல்லிய கோடு கொஞ்சம் மங்கும். குழியை நிரப்பாது, தொங்கலைத் தூக்காது. வழக்கமா மாசம் ஒண்ணுன்னு மூணு தடவை பாப்பாங்க, ஆறுங்கிறது பேக்கேஜ் கணக்கு. 10–20 மி.லி. ரத்தம் எடுத்துச் சுத்துறாங்க, அந்தக் குழாய்ல உங்க பேர் எழுதுறாங்களான்னு கண்ணால பாத்துக்கங்க. நியூ மெக்சிகோவுல உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவுல இந்த ஊசி ஃபேஷியலால எச்.ஐ.வி. பரவினதை அமெரிக்க சி.டி.சி. 2024-ல விவரமா வெளியிட்டிருக்கு. மைக்ரோநீடிலிங் கருவியோட முனை ஆளுக்கு ஒண்ணு, சீல் பிரிக்கிறதைப் பாக்கணும். குத்தின கையோட வீட்டு வைட்டமின் சி சீரம் தேய்க்கிறதும் வேணாம், தோலுக்குள்ள போய் கட்டி கட்டியா நின்ன பதிவு இருக்கு.

#23 கோமதி.ரா

கருப்புக்கும் மெல்லிய சுருக்கத்துக்கும் லேசர் நல்லதா? ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் ஒரே சிட்டிங்கில் என்கிறார்கள்.

#24 கதிரொளி

ஒரே சிட்டிங் என்ற சொல்லிலேயே பிரச்சினை. 10,600 நானோமீட்டர், தண்ணீரை ஆவியாக்கும். புள்ளி புள்ளியாகத் துளைத்து நடுவில் நல்ல தோலை விடுவதுதான் ஃப்ராக்ஷனல் முறை. நம் நிறத்தில் கருப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் புள்ளிகளின் அடர்த்தி, ஆழம் அடுத்ததுதான். அடர்த்தி கூடினால் நடுவில் விட்ட தோலும் சூடேறி மொத்தமாகக் கருக்கும். குறைந்த அடர்த்தி, அதிக சிட்டிங், 4–6 வார இடைவெளி. ஒரே இடத்தில் இரண்டாம் முறை உடனே அடிக்கக் கூடாது.

ஐ.பி.எல். (பல அலைநீள ஒளியைப் பளிச்சென்று அடிப்பது) நம் நிறத்துக்கு இன்னும் மோசமான தேர்வு. அதன் ஒளியை மேல்தோலின் நிறமியான மெலனினே விழுங்கிவிடும்.

#25 சருமம்

லேசருக்கு முன் நான்கு வாரம் வெயில் தவிர்த்திருக்க வேண்டும், உதட்டில் அக்கி வந்த வரலாறு இருந்தால் வேலசைக்ளோவிர் (வைரஸ் எதிர்ப்பு மாத்திரை) முன்கூட்டியே.

கெமிக்கல் பீல் (அமிலம் தடவி மேல்தோலை உரிப்பது) வேண்டும் என்றால் கிளைகாலிக் அமிலம் 20–35%-ல் தொடங்கி, 2–4 வாரத்துக்கு ஒரு முறை. மணி பார்த்து, நேரத்துக்கு அமிலத்தைச் சமன்செய்து கழுவ வேண்டும், தோல் சிவந்தாலோ நரைத்தாலோ நேரம் முடியும் முன்பே கழுவ வேண்டும். சாலிசிலிக்குக்கு அந்தச் சமன்செய்யும் வேலை இல்லை, தானே வெள்ளைப் படிகமாக உறைந்து நிற்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டி.சி.ஏ. (ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலம்) 35% நம் நிறத்தில் முழு முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

ஆனால் இந்த வரிசையில் எதற்கும் முன்னால் வர வேண்டியது இரண்டு மலிவான பொருள், கிளினிக்குகள் கடைசியில் சொல்வது.

சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 900 பேர் வரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2013-ல் வந்தது. தினம் தடவியவர்களுக்கு நாலரை வருடத்தில் தோல் முதிர்ச்சி 24% குறைவு. அளவுதான் எல்லோரும் தவறுவது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் இரண்டு கோடு பிதுக்குங்கள். அதில் பாதி தடவினால் டப்பாவில் எழுதிய எஸ்.பி.எஃப். கிடைக்காது. கருப்புத் திட்டு இருப்பவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள வகை. வெளிச்சமே, யூ.வி. இல்லாத சாதாரண வெளிச்சமே, நம் மெலனினைத் தூண்டும், அதை வெள்ளை க்ரீம் தடுக்காது. சென்னைக் கோடையில் யூ.வி. குறியீடு 11-ஐத் தாண்டுகிற ஊர் இது, மறந்துவிடாதீர்கள்.

ட்ரெடினோயின். வெயிலால் முதிர்ந்த தோலை மீட்பதில் இதற்கு இருக்கிற அளவு ஆதாரம் வேறு எந்தத் தடவு மருந்துக்கும் இல்லை. 0.025%, பட்டாணி அளவு மொத்த முகத்துக்கும், இரவில். முகம் கழுவி நன்றாகக் காய்ந்தபின் நெற்றி, இரு கன்னம், மூக்கு, மோவாய் என்று ஐந்து பொட்டு வைத்துப் பரப்புங்கள். வாரம் இரண்டு இரவு, நான்கு வாரம் தாங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். எரிச்சல் வந்தால் மாய்ஸ்சரைசரை முதலில் தடவி அதன் மேல். கண்முனை, மூக்கோர மடிப்பு, வாய்முனை வேண்டாம், அங்கே தேங்கிப் புண்ணாக்கும். நம் நிறத்தில் எரிச்சலே கருப்பாக மாறும், அதனால் வேகம் கூடாது. பலன் 3 முதல் 6 மாதம். த்ரெட்டிங், வாக்சிங் செய்வதற்கு ஒரு வாரம் முன்பு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மேலுதட்டுத் தோல் நூலோடு வந்துவிடும். கர்ப்பம் திட்டமிடுபவர்கள் தொடக் கூடாது.

#26 மருந்தாளுநர்_கோவை

கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ட்ரெடினோயின் என்று கேட்டால் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினோயின், மொமெட்டாசோன் மூன்றும் கலந்த ட்யூபை எடுத்துக் கொடுப்பார்கள். மூன்றாவது ஸ்டீராய்டு. இரண்டு வாரத்தில் முகம் மின்னும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் கிளைத்து, நிறுத்தினால் எரிந்து சிவக்கும். தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே ஒரு குழு வைத்துப் போராடி, 2018-ல் இந்த ஸ்டீராய்டு க்ரீம்கள் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் வந்தன. சீட்டு கேட்கிற கடை எத்தனை என்பது வேறு கதை. "ஓன்" என்று முடிகிற சொல் ட்யூபின் உள்ளடக்கத்தில் இருந்தால் நிறுத்தி விசாரியுங்கள். ஹைட்ரோகுவினோனும் அப்படித்தான் முடியும், அதையும் கேள்வி கேட்காமல் போடக் கூடாது.

#27 வளவன்_திருச்சி

எச்.பி.ஏ.1.சி. 6.2 வந்திருக்கிறது. முகம் சதைப்பற்று இல்லை, கன்னம் வற்றல்தான். கழுத்தும் கருத்திருக்கிறது.

#28 சருமம்

6.2 சர்க்கரை நோயின் வாசல். பொது மருத்துவரைப் பாருங்கள், அதுதான் முதல் சிகிச்சை. ஹைஃபூவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். எடை குறைத்தால் முகம் இன்னும் கொஞ்சம் வற்றும், அதனால் ஃபில்லரை இப்போது வைக்காமல் எடை நிலைத்து மூன்று மாதம் ஆனபின் வையுங்கள். 4 மி.லி. ஒரே நாளில் வேண்டாம். கன்னத்தில் பக்கத்துக்கு 0.5 முதல் 1 மி.லி., நான்கு வாரம் கழித்துப் பார்த்து, கண்குழி அப்போதும் தெரிந்தால் மட்டும் அங்கே. கன்னம் நிரம்பியதும் கண்குழி பாதி போய்விடுவது வழக்கம். பல்லில் வேலை ஏதாவது இருந்தால் முடித்துவிட்டு இரண்டு வாரம் விடுங்கள். இடைப்பட்ட மாதங்களில் சன்ஸ்கிரீனும் ட்ரெடினோயினும் ஓடட்டும்.

#29 கோமதி.ரா

பொதுவாக ஒரு கேள்வி. வீட்டில் கல்யாணம், ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் எதைச் செய்யலாம், எதை விடணும்?

#30 ஊசிமுனை

ஆறு வாரத்துல ட்ரெடினோயின் புதுசா ஆரம்பிக்காதீங்க, தோல் உரியுறதும் முகூர்த்தமும் ஒண்ணா வந்து நிக்கும். ஃப்ராக்ஷனல் லேசர் வேண்டாம். பீல் இதுக்கு முன்னாடி செஞ்சதே இல்லேன்னா அதுவும் வேண்டாம். பார்லர்ல ப்ளீச், புது ஃபேஷியல் கடைசி ரெண்டு வாரம் கூடாது. டாக்சின் போடுறதா இருந்தா இப்பவே, தள்ளுனா முகூர்த்தத்துக்கு நாலு வாரம் முன்னாடிக்குள்ள. ரெண்டு வாரத்துல முழுப் பலன் தெரிஞ்சு, கோணல் இருந்தா சரி பண்ண இன்னும் ரெண்டு வாரம் கையில இருக்கும். ஃபில்லரும் அதே நாலு வாரக் கணக்கு, ரத்தக்கட்டு ஆற ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரத்தக்கட்டு கூடுதலா வரும், அதுக்காக டாக்டர் எழுதிக் குடுத்த ஆஸ்பிரினைத் தானா நிறுத்திடாதீங்க. மேக்கப் ட்ரையலை டாக்சின் முழுசாப் பிடிச்ச பிறகு வைங்க, புருவம் நிக்கிற இடம் மாறியிருக்கும்.